அவசரம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையொன்றைப் பல வருடங்களாக நடத்தி வருபவன் என்ற முறையில், வன்னியில் இப்போது பரவலாகக் காணப்படும் ஒரு விற்பனை முறை குறித்து எழுத விரும்புகிறேன். வீடு வீடாக வரும் பிரதிநிதிகள் "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று கூறி ஒப்பம் வாங்கிச் செல்கிறார்கள். வாடிக்கையாளரிடம் அவசரத்தை உண்டாக்க வேண்டும் என்றே தமக்குக் கற்பிக்கப்பட்டதாக, அவ்வேலையை விட்டு என்னிடம் வேலை கேட்டு வந்த இளைஞர் ஒருவர் கூறினார்.

எனது அனுபவத்தில், உண்மையான அவசரம் வாங்க வருபவரின் கையிலேயே தெரியும். கடந்த காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, நிலம் பண்படுத்திய நாட்களில், காலை ஆறரை மணிக்கு நான் கடை திறக்கும் முன்பே கமக்காரர் ஒருவர் அறுந்த பெல்ட்டுடன் வாசலில் நின்றார். பெல்ட்டில் இருந்த இலக்கம் தேய்ந்து போயிருந்ததால், புதியவற்றோடு ஒவ்வொன்றாக வைத்து அளந்து பார்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. அவர் விலை கேட்கவில்லை. மழை வலுப்பதற்குள் உழுது முடிக்க வேண்டும் என்பதே அவரது கவலை. அன்று பகல் வந்த இன்னொருவர் மூன்று வகை டயர்களின் விலையைக் கேட்டுவிட்டுப் "பிறகு வாறன்" என்றார். "எப்ப வயலுக்கு இறக்கப் போறியள்?" என்று கேட்டேன். சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகாலச் செய்கைக்கு, என்றார். இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டு எத்தனை ஏக்கரில் சிறுபோகம் செய்வது என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும் வரை அவருக்கு டயர் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும் என்பதால், அவரை நான் வற்புறுத்தவில்லை. எப்போது தேவை, அதற்குள் கிடைக்காவிட்டால் என்ன நட்டம் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால், எந்தப் பொருளை இருப்பில் வைப்பது, எதை வவுனியாவில் இருந்து உடனே எடுப்பிப்பது, எவரை அடுத்த கடைக்கு அனுப்புவது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

வன்னியில் இதனை விளங்கிக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. தேவை மிகுந்திருக்கும் ஐப்பசியில் கையில் காசு இராது. மாசி, பங்குனியில் நெல் விற்ற காசு வரும்போது தேவை ஓய்ந்திருக்கும். காசு இருப்பதையே அவசரம் என்று எடுத்துக்கொள்ளும் பிரதிநிதிகள் அறுவடைக் காலத்தில்தான் படையெடுக்கிறார்கள். ஒட்டுசுட்டானில் வசிக்கும் என் தமக்கைக்கு மாசி மாதக் கடைசி நாளில் ஒருவர் தையல் இயந்திரமொன்றைத் தவணைக்கு விற்றார். அடுத்த நாள் விலை கூடும் என்றார். வைகாசியில் அதே ஒழுங்கையில் அதே விலைக்கு அவரே இன்னொன்றை விற்றார். அக்காவுக்குத் தையல் வேலை குவிவது பாடசாலைச் சீருடை தைக்கும் மார்கழியில். அதுவரை இயந்திரம் உழைக்காமலேயே மாதந்தோறும் தவணை கட்டினார். அன்று அவசரப்பட்டது, மாத இலக்கை எட்ட வேண்டியிருந்த அந்தப் பிரதிநிதியே. அவரையும் நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். இலக்கை விதித்தவர்கள் வேறு.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையில் வியாபாரிகள் ஈடுபடுவதைத் தடை செய்கிறது. பொய்யான கடைசித் திகதி சொல்லி விற்பதும் அத்தகைய நடத்தை என்றே நான் கருதுகிறேன். பாதிக்கப்பட்டவர்கள் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம் என்பதைக் கிராம அலுவலர்கள் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்ற கடைகளில் ஒரு போகம் முழுவதும் இருந்து, எந்த மாதத்தில் எவருக்கு எது, எத்தனை நாட்களுக்குள் தேவைப்படுகிறது என்பதைக் குறித்தெடுங்கள். புரட்டாதியில் தொடங்கினால் நல்லது. எனது கடையில் அதற்கு ஒரு கதிரையும், கடந்த வருடங்களின் கணக்குக் கொப்பிகளும் உண்டு.

இப்படிக்கு,
சிறு வியாபாரி ஒருவர்,
கிளிநொச்சி.