ஹென்ரிகூஃப் போய்விட்டு வா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. குளிர், சாப்பாடு எல்லாம் போனில் பேசிக்கொள்வோம். இது ஹென்ரிகூஃப் கிராமத்தைப் பற்றி. போலந்தில் நீ இருக்கும் வ்ரோத்ஸ்வாஃபுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர், ரயிலும் நிற்கிறது. படிப்பு முடிவதற்குள் கட்டாயம் போய்ப் பார்.

1227-இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் அங்கே மடம் அமைத்தார்கள். ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. நிலத்தைச் சேர்த்தவர் மிகோவாய், கோமகன் ஹென்ரிக்கிடம் ஆவணம் எழுதியவர். ஊர்ப்பெயர் மட்டும் கோமகனுக்குப் போய்விட்டது. காலமெல்லாம் பத்திரம் எழுதிய எனக்கு மிகோவாய்மேல்தான் பாசம்.

1241-இல் மங்கோலியப் படை மடத்தை எரித்தது. அப்புறம் பங்காளித் தகராறு. பூர்வீக நிலத்தை விற்றிருந்தாலும் வாரிசுகள் திரும்பக் கேட்கலாம் என்பது அந்தக் காலப் போலந்து வழக்கம். அதனால் பீட்டர் என்ற மடாதிபதி, 1270 வாக்கில், எந்த நிலம் யாரிடமிருந்து எப்படி வந்தது என்று லத்தீனில் எழுதிவைத்தார். மடத்தின் தாய்ப்பத்திரம் என்றே சொல்லலாம்.

அதில் பக்கத்து ஊரான ப்ருகாலித்சேயின் கதையும் வருகிறது. செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய பொகுவால், தன் மனைவி திரிகையில் ஓயாமல் மாவரைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "விடு, நான் அரைக்கிறேன், நீ கொஞ்சம் ஓய்வெடு" என்றாராம். அக்கம்பக்கத்தார் அதை வைத்தே பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். அதுவே ஊருக்கும் பெயரானது. மடாதிபதி அந்தப் பேச்சை மட்டும் லத்தீனில் மாற்றாமல் அப்படியே எழுதியிருக்கிறார். போலிஷ் மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் வாக்கியமாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். நிலத் தகராறுக்காக எழுதிய புத்தகத்தில் ஒரு புருஷனின் இரக்கமும் பதிவாகிவிட்டதே என்று எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

1810-இல், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட ஜெர்மானியப் பிரஷ்ய அரசு மடத்தைக் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதி போலந்துக்குப் போனது; அங்கிருந்த ஜெர்மானியக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். போலந்து மக்கள் வந்து குடியேறினார்கள், துறவிகளும் திரும்பினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு எந்தப் பத்திரமும் கைகொடுக்கவில்லை. அங்கே நடக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்.

புத்தகம் உன் நகரத்திலேயே, கதீட்ரல் தீவில் உள்ள மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2015-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. முதலில் அங்கே போ, பிறகு ரயில் ஏறு. படம் எடுக்க விட்டால் எழுத்து தெளிவாகத் தெரியும்படி எடுத்து அனுப்பு. அம்மாவும் பார்க்க ஆசைப்படுகிறாள்.

அன்புடன்,
அப்பா