பேப்பருக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு கேட்டியே

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, பேரன் பொறந்த சந்தோஷத்துல பாதிப் பேச்சு வெளங்கவே இல்ல, ஆனா கடைசியா ஒண்ணு கேட்ட பாரு, "வெளிநாட்டு ஜர்னல்ல உன் ஆராய்ச்சிப் பேப்பர் வந்துருக்காமே, எவ்ளோ குடுத்தாங்க"ன்னு, நானும் வீட்டுக்காரியும் சிரிச்சு மாளல. ஒத்த பைசா கிடையாதுடா. எழுதுறவனுக்கும் இல்ல, சரி பாக்குறவனுக்கும் இல்ல.

சிவகாசில இத்தன வருசமா பிரஸ் நடத்துறவன்கிட்ட இந்தக் கணக்கச் சொன்னா நம்ப மாட்ட. கவர்மெண்ட் கிராண்ட் குடுக்குது, அதாவது உன் வரிப்பணம், அதுல கெமிக்கல் வாங்கி, பசங்க ராத்திரி பகலா லேப்ல கெடந்து ரிசல்ட் எடுத்து, நாங்களே டைப் பண்ணி, அவங்க டெம்ப்ளேட்ல அடக்கி, காப்பிரைட்டையும் எழுதிக் குடுத்துட்டு ஆறு மாசம் காத்துக் கெடப்போம். எடிட்டர் அத என்ன மாதிரி இன்னொரு வாத்தியாருக்கு ரிவ்யூவுக்கு அனுப்புவாரு, அவரும் இனாமாத்தான் பாக்கணும். அப்புறம் அதே பேப்பர எங்க லைப்ரரி சந்தா கட்டி வாங்கணும். மேட்டரும் குடுத்து, ப்ரூஃபும் பாத்துக் குடுத்து, கடைசில காசும் குடுத்து வாங்கிட்டுப் போற கஸ்டமர் உனக்கு ஒருத்தன் கிடைச்சா விடுவியா? எல்சவியர்னு பெரிய ஜர்னல் பப்ளிஷர், அவன் லாபம் வருசா வருசம் நூத்துக்கு முப்பதுக்கு மேல நிக்கிறது சும்மாவா.

இத மாத்துறோம்னு ஓப்பன் ஆக்சஸ் கொண்டு வந்தாங்க, படிக்கிறவனுக்கு ஃப்ரீ, ஆனா பெரும்பாலான பெரிய ஜர்னல்ல எழுதுறவன் கட்டணும். நேச்சர் ஜர்னல் 2020ல அறிவிச்ச ரேட் 9,500 யூரோ, நம்ம காசுல எட்டு லட்சத்துக்கு மேல. 2023 ஜனவரில இருந்து ஜேஆர்எஃப், அதாவது பிஎச்டி பண்ற பசங்களுக்குக் குடுக்குற ஃபெலோஷிப், மாசம் 37,000 ரூபா, அப்ப ஒரு பேப்பர் போடுற காசுல ஒரு பையனுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருசம் ஸ்டைபண்ட் குடுத்துரலாம்.

நல்லதும் ஒண்ணு நடந்துருக்கு, சொல்லாம இருக்கக்கூடாது. ஒன் நேஷன் ஒன் சப்ஸ்க்ரிப்ஷன்னு மத்திய அரசு 2025ல இருந்து 2027 வரைக்கும் 6,000 கோடி ஒதுக்கி, 30 பப்ளிஷர்ஸோட 13,000 ஜர்னல் கிட்ட அரசு யுனிவர்சிட்டி, அரசு காலேஜ்ல எல்லாரும் படிக்கலாம்னு ஆக்கியாச்சு. முன்னாடி ஒரு பேப்பர் வேணும்னா அமெரிக்கால இருக்குற ஃப்ரெண்டுக்கு மெயில் போட்டுக் கெஞ்சணும், இல்லாட்டி சை-ஹப்னு பேப்பர திருட்டுத்தனமா இறக்குற சைட். ஆனா தனியார் காலேஜ்க்கு முதல் கட்டத்துல இது கிடையாது, நம்ம ஊர்ல பாதிக்கு மேல அதுதான.

போன மாசம் ஒரு பேப்பர் ரிவ்யூவுக்கு வந்துச்சு. ரெண்டு சாம்பிளோட எக்ஸ்ஆர்டி கிராஃப், எக்ஸ்ரே விட்டு பொருளோட படிக அமைப்பப் பாக்குறது. பீக் ஒண்ணு போல இருந்தா ஒத்துக்கலாம், ஆனா அடில பேஸ்லைன்ல மயிர் மயிரா நாய்ஸ் இருக்கும்ல, அது சாம்பிளுக்கு சாம்பிள் மாறும், மெஷின் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதான் போடும். இதுல ஸூம் பண்ணிப் பாத்தா ரெண்டுலயும் ஒரே நாய்ஸ், ஒரே எடத்துல, அப்படியே காப்பி. ரிஜெக்ட் பண்ணுங்கன்னு படத்தோட எழுதி அனுப்புனேன், பண்ணாங்க. மூணு வாரத்துல அதே பேப்பர் வேற ஜர்னல்ல வந்துருச்சு, கமா கூட மாறல! ஹிண்டாவின்னு ஒரு பப்ளிஷர், 2023ல மட்டும் எட்டாயிரத்துக்கு மேல பேப்பர வாபஸ் வாங்குனாங்க, பெரும்பாலும் ரிவ்யூவ ஏமாத்தி உள்ள வந்து சேந்ததுதான். பண்றவன மட்டும் திட்டி என்ன செய்ய, ப்ரமோஷனுக்கு எண்ணிக்கை, ரேங்கிங்குக்கு எண்ணிக்கை, சில காலேஜ்ல பேப்பருக்கு இன்சென்டிவ் வேற. பிஎச்டி தீசிஸ் குடுக்க பேப்பர் கட்டாயம்ங்கிற விதிய, யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடுற யுஜிசி 2022லயே எடுத்துருச்சு, ஆனா எண்ணுற பழக்கம் போகல. எனக்கு என்னமோ அஞ்சு பேப்பரப் படிச்சுப் பாத்து ஆள எடுத்தாலே பாதித் திருட்டு நின்னுரும்னு தோணுது, ஆனா படிக்க எவன் ரெடியா இருக்கான்.

என் ஸ்டூடண்ட் ஒருத்தனுக்கு ஃபெலோஷிப் நாலு மாசமா வரல, யூசி, அதாவது முன்ன குடுத்த காசு செலவானதுக்குச் சர்டிஃபிகேட், அனுப்பியாச்சான்னு காசு குடுக்குறவங்க கேக்குறாங்க, அனுப்பியாச்சுன்னு நாங்க சொல்றோம், இப்படியே ஓடுது. நல்ல பையன், டேட்டால கை வைக்க மாட்டான். அவன் தீசிஸ் பைண்டிங்குக்கு வந்துருச்சு, கருப்பு ரெக்சின், கோல்ட் எழுத்து, ஆறு காப்பி வேணும். இங்க கேக்குற ரேட்டு கட்டுப்படி ஆகல, உன்னால முடியுமான்னு பாத்து வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மெசேஜ் போடுடா, கூரியர் நான் பாத்துக்குறேன்.