இந்த வார வானிலை, சனிக்கிழமை வேலை

அனைவருக்கும் வணக்கம். இலையுதிர் காலம் பாதி போய்விட்டது, வெயில் விடுவதாக இல்லை. வெள்ளி வரை பகலில் 24 டிகிரியை ஒட்டியே இருக்குமாம். சனி மாலை மழை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரம் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கலாம்.

1. அக்டோபர் 18, சனி காலை 9 மணி: வடிகால் வாயை அடைத்திருக்கும் சருகை அள்ளுகிறோம். போன மழைக்கே கீழ்ப்படி வரை தண்ணீர் நின்றது. வீட்டுக்கு ஒருவர் வாருங்கள், கையுறையோடு.
2. மேகமில்லாத இரவில் குளிர் சட்டென்று இறங்கும். கம்பளியைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.
3. கொசு இன்னும் இருக்கிறது. வாளியில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

கணிப்பு மாறினால் வெள்ளி மாலை சொல்கிறேன். வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போதாது, வீட்டு எண்ணும் வேண்டும்.