செறாய் கடற்கரையிலிருந்து மூணாறு: பயண அறிவிப்பு

கொச்சித் தமிழ்க் குடும்பக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை செறாய் கடற்கரையில் குளித்துவிட்டு, பத்தரை மணிக்குள் வேனில் ஏறிவிட வேண்டும். கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான் என்றாலும், கோதமங்கலம் தாண்டி, 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்கிவிடுவதால், நான்கைந்து மணி நேரமாவது ஆகும். அந்த வளைவுகளில் சென்ற முறை என் இளைய மகள் மூன்று முறை வாந்தியெடுத்து வாடிப்போனாள். ஆகையால் பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி போதும், பூரி வேண்டாம். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

கடலோரப் புழுக்கத்தில் கம்பளி நினைவுக்கு வராது. மூணாறு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மாலையானதும் குளிர் இறங்கிவிடும். தலைமுடியில் உப்புநீர் காயாமல் மலையேறினால் குளிர் நடுக்கிவிடும். எனவே குளித்தபின் நல்ல தண்ணீரில் தலையை அலசித் துவட்டிவிடுங்கள். பெரியவர்களுக்குக் குல்லாவும் காலுறையும் கட்டாயம்.

ஞாயிறு காலை இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைக் காண்போம். அவை அஞ்சாமல் அருகில் வந்து மேயும். தொடவோ தீனி கொடுக்கவோ கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். மூணாறில் முன்பு ஓடி, 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைப் பற்றி, அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் உறுப்பினர் ஒருவர் வழியில் விளக்குவார்.

வருவோர் எண்ணிக்கையை வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.