வந்தியத்தேவனுக்கு நாலு எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், 'பொன்னியின் செல்வன்' நாவலின் நாயகனைப் பற்றிய 'வந்தியத்தேவன் என்ன டைப்?' கட்டுரையைப் படித்தேன். மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நாலு ஆங்கில எழுத்து கொடுக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் குணத் தேர்வின்படி அவனை இ.என்.எஃப்.பி. என்று முடிவு கட்டியதோடு விட்டிருந்தால், நானும் காப்பி ஆறுவதற்குள் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். கடைசிப் பத்தியில், "இந்த வகையினர் பழக இனிமையானவர்கள், ஆனால் ரகசியத்தையோ பொறுப்பையோ இவர்களிடம் ஒப்படைப்பது ஆபத்து" என்று எழுதியிருக்கிறாரே, அங்கேதான் காப்பி ஆறிப்போனது.

ஐயா, ஆதித்த கரிகாலன் தன் தந்தைக்கும் தங்கைக்கும் எழுதிய ஓலைகளை யாரிடம் கொடுத்து அனுப்பினான்? உங்களுக்குத் தெரியாததா? கடம்பூர் மாளிகையில் நடுநிசியில் ஒளிந்திருந்து கேட்ட சதியை அந்த வாயாடி போகிற வழியெல்லாம் உளறிக்கொண்டா போனான்? தஞ்சைக் கோட்டையில் சக்கரவர்த்தியிடம் 'அபாயம்' என்று சொல்லிவிடுகிறான். கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் பிடித்துக்கொண்டதும், நான் சொன்னது 'அபயம்' என்று மாற்றுகிறான். ஒரு துணைக்காலைக் கழற்றித் தலையைக் காப்பாற்றிக்கொண்டவன் அவன். அவசரக்குடுக்கைதான், வாய்த்துடுக்கும் உண்டு. இல்லையென்று யார் சொன்னார்கள்? முதுகில் குத்துப்பட்டுக் கிடந்த நண்பன் கந்தமாறனைச் சுமந்துபோய்ச் சேந்தன் அமுதன் வீட்டில் சேர்த்தவனும் அவன்தான். குத்தியதே இவன்தான் என்று கந்தமாறன் பழி போட்டான். இப்போது உங்கள் கட்டுரையாளர் தன் பங்குக்கு ஒன்று போட்டிருக்கிறார்.

சரி, பரிசோதித்தே பார்த்துவிடலாம் என்று பிளஸ் டூ படிக்கும் என் பேத்தியைத் திண்ணையில் உட்கார வைத்தேன். அவள் செல்போனில் கேள்விகளை வாசித்தாள். வந்தியத்தேவனாக இருந்து நான் பதில் சொன்னேன். "புது ஆட்கள் கூடியிருக்கும் இடத்தில் நீங்களே போய்ப் பேச்சுக் கொடுப்பீர்களா?" ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் கேட்டால் ஆமாம். கடம்பூரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பவனிடம் கேட்டால்? கொலைப்பழியோடு பாதாளச் சிறையில் கிடப்பவனிடம் கேட்டால்? மூன்று இடத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னேன். மூன்று வகை வந்தது. "தாத்தா, நீங்க ஆள மாத்தி மாத்தி சொல்றீங்க" என்றாள். "ஆள் மாறாவிட்டால் ஐந்து பாகம் எதற்கம்மா?" என்றேன். தவிர, இந்தத் தேர்வு அவரவர் தம்மைப் பற்றித் தாமே பதில் எழுத வேண்டியது. வந்தியத்தேவனுக்காகப் பதில் எழுதியது யார்? கட்டுரையாளர்தானே? அப்படியானால் வந்த நாலு எழுத்தும் அவருடையது.

இந்தப் பதினாறு வகையின் பூர்வீகம் நீங்கள் அறிந்ததே. 1921-இல் வந்த, சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் புத்தகத்தைப் படித்து, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் கட்டியது. இருவருமே உளவியலை முறையாகக் கற்றவர்கள் அல்லர். மகள் துப்பறியும் நாவல் எழுதியவர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, கதாபாத்திரம் படைக்கிறவருக்கு இப்படி வகை பிரிக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தத் தேர்வை விற்கிற நிறுவனமே, வேலைக்கு ஆள் பொறுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. உங்கள் கட்டுரையாளர் சோழ நாட்டுக்கே ஆள் பொறுக்கிவிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். 2016-இல் என் இளைய மகள் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எல்லாச் சுற்றும் தேறியாயிற்று. கடைசியில் இதே மாதிரி ஒரு கேள்வித்தாள். நீங்கள் வந்தியத்தேவனுக்குக் கொடுத்த அதே நாலு எழுத்து அவளுக்கும் வந்தது. கணக்கு வழக்குப் பார்க்கும் பொறுப்புக்கு ஒத்துவராது என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயதில் என் தாயார் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, மருந்துக் கடையில் எவ்வளவு பாக்கி என்று நாற்பது பக்க நோட்டில் ஒரு நாள் விடாமல் எழுதி வைத்தவள் அவள். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

உங்கள் பத்திரிகையிடம் எனக்கு வருத்தம் இது முதல் தடவை அல்ல. போன வருடம் 'உங்கள் ராசிக்கு எந்தக் கதாநாயகன்?' போட்டீர்கள். அப்போதே எழுதினேன், பிரசுரிக்கவில்லை. 1948-இல் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கடைத்தெரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து வரிகளைப் பொறுக்கி, 39 மாணவர்களுக்கும் ஒரே பலனை 'இது உனக்கு மட்டும்' என்று கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் போட்ட சராசரி ஐந்துக்கு 4.26. அந்தக் கடிதத்திலும் இதைச் சொல்லியிருந்தேன். குப்பைக்கூடைக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அதுவாவது பயன்பட்டிருக்கும். அப்புறம், படம் வந்த 2022-இல் பக்கம் பக்கமாக நடிகர் முகங்கள். மணியம் வரைந்த ஓவியம் ஒன்றுகூட இல்லை. 1950 முதல் 54 வரை தொடராக வந்ததை என் அப்பா வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். ஓரமெல்லாம் கரையான் தின்றது போக, மணியத்தின் குதிரை இன்னும் முழுசாக இருக்கிறது. கேட்டிருந்தால் நானே ஸ்கேன் எடுத்து அனுப்பியிருப்பேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. மன்னிப்பும் வேண்டாம், பெரிய இடம், கேட்பது முறையல்ல. ஒன்றே ஒன்று. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்தது 'காவிரிக்கரையில்' என்று முதல் வரியிலேயே அச்சாகியிருக்கிறது. அவன் வந்தது வீர நாராயண ஏரிக்கரை. எங்கள் ஊர் வீராணம். சென்னையில் நீங்கள் குடிக்கும் தண்ணீரிலும் அது கொஞ்சம் இருக்கிறது. அடுத்த இதழில், குறுக்கெழுத்து விடைக்குக் கீழே இருக்கிற காலி இடத்திலாவது, இதைத் திருத்தி ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நாற்பது வருடச் சந்தாதாரர்,
காட்டுமன்னார்கோயில்.