தேவாலயப் பதிவேடுகளையும் காக்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கை மலையகத் தேவாலயங்களை மரபுரிமைச் சின்னங்களாகப் பேணுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கல்லறைகளையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் விரிவாகப் பேசியது. 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே பணி தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் பற்றி ஒரு வரியும் இல்லை. 1878இல் எழுந்த டிக்கோயா வார்லி தேவாலயம் போன்றவற்றின் கல்லும் மரமும் எப்படியும் கவனம் பெறும்; அலுமாரிக்குள் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளின் நிலைதான் கவலைக்கிடம்.

பிள்ளையின் பெயர், பெற்றோர், தோட்டம், தந்தையின் தொழில் அனைத்தும் அதில் ஒரே வரியில் கிடைக்கும். பிறப்புக்கும் வம்சத்துக்கும் ஆதாரம் கேட்டு மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்தைக் கண்ட சமூகத்துக்கு அதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றோட்டமற்ற இரும்பு அலுமாரியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கிறது. கிழிசலுக்கு நல்லெண்ணத்தோடு ஒட்டும் செலோடேப் இன்னும் கேடு: பசை மஞ்சளாகி எழுத்தில் ஊறும், உரித்தால் மையும் கூடவே வரும். லெமினேட் செய்த தாளை மீட்பது அநேகமாக முடியாத காரியம். மரபுரிமை நிதியில் முதற்பங்கைக் கொண்டு, பழைய ஏடுகளை அட்டை முதல் அட்டை வரை ஃபிளாஷ் இன்றிப் படமெடுத்து, ஒரு பிரதியைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வைக்க சபைகளும் அமைச்சும் முன்வர வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்