டிஜே பார்க்கும் படலம்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. ஆனால் "ரிசப்ஷனுக்கு டிஜே வேணும்னு கீதா ஒத்தக் கால்ல நிக்கிறா, அவங்கப்பா கூடவே கூடாதுங்கிறார், நீ என்னடி சொல்ற" என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். யாரிடம் வந்து கேட்கிறாய் பார்! இங்கே எங்கள் வீட்டிலும் ஒரு மாதமாக அதே கூத்துதான். எங்கள் பையன் கார்த்திக்குப் பெண் பார்க்க இவ்வளவு அலையவில்லை. அவனே பார்த்துக்கொண்டு வந்துவிட்டான். டிஜே பார்க்கத்தான் ஊர் ஊராகப் போகிறோம்.

பெண் வீட்டுக்காரர்கள் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இருக்கிறார்கள். பூர்வீகம் தெலுங்கு, வீட்டில் பேசுவது ஆங்கிலம். பெண் நர்ஸ். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற ஜூலு பெண்கள் ஒரு பெரிய கூட்டமாக வரப்போகிறார்கள். எங்கள் பக்கம் என் வீட்டுக்காரருடைய அத்தை, பெரியம்மா, சித்தப்பா எல்லாம் எண்பதைத் தொட்டவர்கள், டி.எம்.எஸ். பாட்டு வராவிட்டால் கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்கிற ரகம். நடுவில் கார்த்தியின் சேக்காளிகள். இத்தனை பேரையும் ஒரே ஹாலில் நாலு மணி நேரம் உட்கார வைத்து, அதில் பாதிப் பேரை எழுப்பி ஆட வைக்க வேண்டும். டிஜே வேலை என்றால் அதுதான்.

டிஜே என்றால் காது கிழிய ஸ்பீக்கர் வைத்துக் குடிகாரப் பையன்களை ஆட விடுவது என்றுதானே உன் வீட்டுக்காரர் நினைக்கிறார்? இங்கே கதை வேறு. என் மாமனார் காலத்தில் டர்பன் கல்யாணங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வரும். அவரே ஒரு குழுவில் தபலா வாசித்தவர். தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு எல்லாம் ரெக்கார்டைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு பாடுவார்கள். 1983-இல் ரேடியோ லோட்டஸ் ஆரம்பித்த பிறகு வீட்டுக்கு வீடு நம் பாட்டு ஒலித்தது. இப்போது அதுதான் லோட்டஸ் எஃப்எம். அந்த ஆர்க்கெஸ்ட்ரா நின்றிருந்த இடத்தில்தான் இப்போது டிஜே நிற்கிறான். அதனால் கிழவர்களுக்கும் அவன் மேல் உரிமை உண்டு. நேராகப் போய், "தம்பி, சுசீலா பாட்டு ஒண்ணு போடு" என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள்!

நாங்கள் முதலில் பார்த்தது விளம்பரத்தில் அசத்திய ஒரு ஆள். புகை, லேசர், தரையெல்லாம் வெளிச்சம் என்று வீடியோ அனுப்பினார். கார்த்திக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "வீடியோவில் எல்லா டிஜேயும் நல்ல டிஜேதான், அவர் வேலை செய்கிற கல்யாணம் ஒன்றைப் பார்க்கலாம்" என்றேன். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இவருடைய தூரத்துச் சொந்தத்தில் ஒரு ரிசப்ஷன் வந்தது, அங்கே அவர்தான் டிஜே. நான் வேண்டுமென்றே கிழவிகள் மேசையில் போய் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் எங்களுக்கு நேர் எதிரே, தரையில். கனத்த பாஸ் தாளம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் தட்டில் இருந்த சோஜி (நம் ரவை கேசரிதான்) நடுங்குகிறது. அவரோ லேப்டாப்பை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தினால் மைக்கைப் பிடித்து "மேக் சம் நாய்ஸ்" என்கிறார். இருக்கிற சத்தம் போதாதாம். பிரியாணி பரிமாற ஆரம்பித்த பிறகும் சத்தத்தைக் குறைக்கவில்லை. பக்கத்தில் இருந்த அத்தை காதில் பஞ்சு கேட்டார்.

அங்கே நடந்த இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பாய். பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து ஹாலுக்குள் நுழைகிறார்கள், எல்லாரும் எழுந்து கை தட்டுகிறார்கள், பின்னால் ஒலிப்பது காதலி விட்டுப் போன துக்கத்தில் ஒருவன் பாடுகிற பாட்டு. மெட்டு அருமையாக இருக்கும், அதனால் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த ஹாலில் தமிழ் புரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்போம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இங்கே நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது, இளசுகளுக்குப் பாட்டு தெரியும், வார்த்தை தெரியாது. இந்த விஷயம் ஊருக்குள் பரவியதிலிருந்து எனக்குப் புது வேலை. தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதால், கல்யாண வீட்டுக்காரர்கள் பாட்டுப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆன்ட்டி, இதுல யாராச்சும் சாகுறாங்களா?" என்று கேட்கிறார்கள். போன வாரம் வந்த பட்டியலில் ஒரு தாலாட்டும் ஒரு ஒப்பாரியும் இருந்தன.

இரண்டாவது ஆளைப் பார்த்தது சாட்ஸ்வர்த்திலேயே. சின்னப் பையன், வெள்ளைச் சட்டை, ஹெட்போன் ஒரு காதில் மட்டும். பெட்டி படுக்கை அதிகம் இல்லை. நான் கவனித்தது அவன் கண்ணை. ஆடுகிற இடத்தை, சாப்பாட்டு மேசையை, வாசலை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு பெரியவர் போய் பழைய பாட்டு கேட்டார். உடனே போடவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்தான். பிள்ளைகள் ஆடிக் களைத்துத் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அதைப் போட்டான். நாற்காலியில் இருந்த நாலு ஜோடிக் கிழவன் கிழவிகள் எழுந்து வந்தார்கள். அந்தப் பெரியவர் தன் பாட்டுக்குத் தானே விசில் அடித்தார். அது முடிந்ததும் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட என்ன போட்டான் தெரியுமா, குவோம். டர்பனில் கறுப்பர்கள் வாழும் டவுன்ஷிப்புகளில் பிறந்த ஆட்ட இசை, ஏறக்குறைய 2010 வாக்கில் கிளம்பியது. நம் பறையைக் கேட்ட காதுக்கு அது அந்நியமாகவே தெரியாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இவர் அப்பாவிடம் தபலா கற்றவர் என்பதால் எனக்கு விளக்கினார். நம் குத்துப் பாட்டு பெரும்பாலும் மூன்று மூன்றாக, ஆறு எண்ணிக்கையில் ஓடும். அமாபியானோ என்று இங்கே எல்லாரும் ஆடுகிற இசை நாலு நாலாக, நிமிஷத்துக்கு 110, 115 அடி என்று நிதானமாகப் போகும். இரண்டையும் ஒட்டவைக்கிறேன் பேர்வழி என்று ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் ஆடுகிறவன் கால் பின்னிக்கொள்ளும், ஆட்டம் கலைந்துவிடும். தெரிந்தவன் பாட்டை முழுசாக முடியவிட்டு, மைக்கில் இரண்டு வார்த்தை பேசி, கைதட்டல் வாங்கி, பிறகு அடுத்ததைத் தொடங்குவான். அந்தப் பையன் அப்படித்தான் செய்தான். உன் ஊர் டிஜேயிடமும் இதைக் கேள்: "குத்துப் பாட்டிலிருந்து இந்திப் பாட்டுக்கு எப்படிப் போவீங்க?" பதில் சொல்லத் திணறினால் அந்த ஆள் பாட்டுப் பட்டியலை ஓடவிட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறவன்.

அவனையேதான் பேசி முடித்தோம். எழுத்தில் வாங்கியது இவ்வளவுதான்: அன்றைக்கு வரப்போவது அவனே, வேறு ஆளை அனுப்பக் கூடாது. பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு கூடுதல். உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவார். அட்வான்ஸ் எப்போது திரும்பும், எப்போது திரும்பாது. கரண்ட் விஷயத்தையும் கேட்டோம், அது இந்த நாட்டுக்காரர்களுக்குக் கைவந்த பழக்கம். 2023-இல் பட்ட பாடு மாதிரி இப்போது கரண்ட் கட் இல்லை, ஆனாலும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. ஹாலில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தச் சில நொடியில் பாட்டைக் கலக்குகிற மிக்ஸர் கருவி அணைந்து, திரும்பத் தொடங்க நேரம் எடுக்கும். அதற்கு ஒரு சின்ன யு.பி.எஸ். போதும். கேட்டவுடன் பையன் வண்டியைத் திறந்து காட்டினான்.

சத்தத்தைப் பற்றி உன் வீட்டுக்காரருக்குத் தனியாகச் சொல். இசை நடக்கிற இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு வரம்பு சொன்னது, சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று. போனில் இறக்கிக்கொள்ளும் செயலியிலேயே தோராயமாக அளந்துவிடலாம். அளப்பதை விட முக்கியம், ஸ்பீக்கரை எங்கே வைக்கிறார்கள் என்பது. தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காது போகும், பின்வரிசைக்குப் பாட்டு போகாது. ஸ்டாண்டில் தலைக்கு மேல் தூக்கி, ஆடுகிற இடத்தைப் பார்த்துத் திருப்பி, பெரியவர்கள் மேசையை எதிர்க் கோடியில் போட்டுவிடு. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

உங்கள் பக்கம் திறந்த இடங்களில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது, மறந்துவிடாதே. அதனால் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடு. பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்றால் எட்டரைக்காவது ஆட்டம் தொடங்க வேண்டும். உங்கள் ஊர் ரிசப்ஷனில் அந்த நேரத்தில்தான் மேடை ஏறிப் போட்டோ எடுக்க வரிசை வாசல் வரை நிற்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் சிரித்துக்கொண்டே நிற்க, கீழே டிஜே யாருக்காகப் பாட்டுப் போடுவான்? இதை முன்னமே போட்டோகிராபரிடமும் பேசி முடித்துவிடு. ஹால்காரர் பாட்டு லைசென்ஸ் என்று தனியாகப் பணம் கேட்டால் உடனே கொடுத்துவிடாதே. கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டத்தில் பாட்டுப் போடுவது காப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டத்திலேயே இருப்பதாக 2023-இல் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. கீதாவைத் தேடி எடுத்து வைக்கச் சொல்.

பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பதில் ரொம்ப இறங்காதீர்கள். உள்ளே நுழையும்போது என்ன, கேக் வெட்டும்போது என்ன, கட்டாயம் வேண்டிய சில, என்ன ஆனாலும் போடக் கூடாத சில, அவ்வளவு போதும். நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக் கொடுத்தால் அவனுக்கு எதற்குக் காசு? கார்த்தி ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறான். அதைப் பையனிடம் நான் இன்னும் கொடுக்கவில்லை, கொடுப்பதாகவும் இல்லை.

நாதஸ்வரக் கவலையை விடு. காலையில் முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், மாலையில் டிஜே, இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. இங்கே நலங்கு ராத்திரிக்கும் இப்போது டிஜே கேட்கிறார்கள். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் பூசுகிற இடத்தில் பெண்கள் பாட வேண்டும். இவருடைய அத்தைக்கு இன்னும் நலங்குப் பாட்டு நினைவிருக்கிறது, வார்த்தை பாதி தேய்ந்துபோய் வேறு என்னவோ ஆகியிருக்கிறது, ஆனால் மெட்டு அப்படியே பாளையங்கோட்டை. நம் பாட்டி பாடிய "நலங்கிட வாரும்" உனக்கு முழுசாக நினைவிருந்தால் எழுதி அனுப்பு, இல்லாவிட்டால் போனில் பாடிப் பதிந்து அனுப்பு. கூச்சப்படாதே, நான் மட்டும்தான் கேட்பேன். (அத்தையும் கேட்பார்.)

பெண்ணுக்குப் புடவையை டர்பனில் எடுக்க மனம் வரவில்லை. இங்கே கடைகளில் எல்லாம் கல் வைத்து மின்னுகிறது. அரக்கில் மஞ்சள் கரை, பெரிய ஜரிகை வேண்டாம். நீ ஆரெம்கேவி பக்கம் போகும்போது வீடியோ காலில் கூப்பிடு, இந்திய நேரம் பதினொன்றரைக்கு மேல் என்றால் எனக்குக் காலை எட்டு, வசதி. முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
விஜயா